அம்மா பல்லும் அக்கவுண்ட்ஸ் பாடமும்

எழுதி ரொம்ப நாளாகிவிட்டது. செமஸ்டர், புராஜெக்ட், ரெக்கார்டு என்று காரணம் நிறைய சொல்லலாம். உண்மையான காரணம் சோம்பேறித்தனம்தான். இப்போது எழுத வைத்தது ஒரு சிரிப்பு.

போன வாரம் வகுப்பில் எங்கள் சார் திடீரென்று முதல் வருடப் பாடத்தைக் கிளறினார். "கேப்பிட்டல் செலவுன்னா என்ன, ரெவின்யூ செலவுன்னா என்ன? ஆளுக்கு ஒரு உதாரணம் சொல்லுங்க." வாங்கினால் பல வருஷம் பலன் தருவது கேப்பிட்டல், அன்றாடம் கரைந்து போவது ரெவின்யூ. மெஷின், கட்டடம், லாரி என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். என் முறை வந்தபோது வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். "எங்கம்மாவோட முன்பல்லு, சார்."

வகுப்பே சிரித்தது. சாரும் சிரித்துவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார். நான் ஜோக் அடிக்கவில்லை மக்களே. நிஜமாகத்தான் சொன்னேன். என்ன கணக்கு என்று இங்கே விளக்கிவிடுகிறேன்.

எங்கள் வீடு நெய்வேலி டவுன்ஷிப்பில். அப்பா மெயின் பஜார் பக்கம் தையல் கடை வைத்திருக்கிறார். அம்மா ஒரு நர்சரி பள்ளியில் எல்.கே.ஜி. மிஸ். பதினாலு வருஷமாக இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்தவர். சுரங்கத்தில் ஷிப்ட் பார்க்கும் சில அண்ணன்மார்கூட ரோட்டில் பார்த்தால் சைக்கிளை நிறுத்தி "வணக்கம் மிஸ்" என்பார்கள். தங்கள் பிள்ளையை அம்மாவிடம் விட்டவர்கள்.

2023-ல் அம்மாவுக்குப் பல் ஆட ஆரம்பித்தது. அதற்கு முன்பே ஈறில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. பல் தேய்க்கும்போது துப்பினால் சிவப்பாக இருக்கும். "பிரஷ் புதுசு, அதான்" என்பார். அந்தப் புது பிரஷ் பழசாகியும் ரத்தம் நிற்கவில்லை. பல் டாக்டரிடம் போனபோது அவர் வாயைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "சுகர் செக் பண்ணியிருக்கீங்களா?" பண்ணியதில்லை. பண்ணிப் பார்த்தால் மூன்று மாதச் சராசரி என்று சொல்லும் ஹெச்.பி.ஏ.1.சி. 9.4. எங்கள் வீட்டுக்குச் சர்க்கரை நோய் வந்திருப்பதைச் சொன்னது பல்தான்.

சர்க்கரைக்கும் ஈறுக்கும் இரண்டு பக்கப் பகை உண்டாம். சர்க்கரை கூடினால் ஈறு நோய் வேகமாகப் பரவும். ஈறில் புண் இருந்தால் சர்க்கரை கட்டுக்குள் வர அடம் பிடிக்கும். ஈறுக்கு வைத்தியம் பார்த்தால் சர்க்கரையும் ஓரளவு இறங்கும். இதைத் தெரிந்துகொள்ள எங்களுக்கு மூன்று பற்கள் செலவாயின. 2023 ஆகஸ்டில் மேலே நடுவில் இருக்கும் இரண்டு முன்பற்களையும் கீழே ஒரு கடைவாய்ப் பல்லையும் எடுத்துவிட்டார்கள்.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். ஏதோ அழகுக்காகச் சொன்ன பழமொழி என்றுதான் நினைத்திருந்தேன். அது வெறும் உண்மை. தொல்காப்பியத்தில் பிறப்பியல் என்று ஒரு பகுதி இருக்கிறது. எந்த எழுத்து வாயில் எங்கே பிறக்கிறது என்று சொல்வது. த, ந இரண்டும் மேல்பல்லின் அடியில் நாக்கு பரந்து ஒற்றும்போது பிறக்கின்றன. மேல்பல்லும் கீழுதடும் சேரும்போது வ பிறக்கிறது. மேல்பல்லே இல்லாதவர் எதில் ஒற்றுவார்? அம்மா "தாத்தா" என்றால் காற்றுதான் அதிகம் வந்தது. "ஸ்" வரும் இடத்தில் விசில் அடித்தது.

எல்.கே.ஜி. பிள்ளைகள் மிஸ் சொல்வதை அப்படியே திருப்பிச் சொல்லும். அதுதான் அவர்களுக்குப் பாடம். ஒரு நாள் வகுப்பு முழுக்க அம்மா சொன்ன மாதிரியே காற்றோடு "தாத்தா" சொல்லியிருக்கிறது. பிள்ளைகள் கிண்டல் செய்யவில்லை, ஒழுங்காகப் பாடம் படித்தார்கள், அவ்வளவுதான். அன்றைக்குச் சாயங்காலமே அம்மா வகுப்பு வேண்டாம் என்று கேட்டு, பள்ளியில் ரிஜிஸ்தர் எழுதும் வேலைக்கு மாறிக்கொண்டார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரையே பொய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். திண்ணையில் அரட்டை. யார் யார் வீட்டில் எப்படித் திட்டுவார்கள் என்று ஒவ்வொருவராக நடித்துக் காட்டினோம். நான் அம்மா மாதிரி, அந்தக் காற்றோடும் விசிலோடும், "தம்பி, நீ எப்போதான்டா திருந்துவே" என்று பேசிக் காட்டினேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தால் டீ டம்ளர்களோடு அம்மா நிலைப்படியில் நிற்கிறார். ஒன்றும் சொல்லவில்லை. டீயை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அதற்கப்புறம் என்னிடம் தலையாட்டியே பதில் சொல்ல ஆரம்பித்தார். "சாப்பிடலாமா?" தலையாட்டல். "கடைக்குப் போகணுமா?" தலையாட்டல். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

கழற்றி மாட்டும் பல் செட் ஒன்று போட்டுக்கொண்டார். எல்லாருக்கும் அது சரிப்படாது என்று சொல்ல மாட்டேன். எங்கள் தாத்தா முழு செட்டை வைத்துக்கொண்டு பன்னிரண்டு வருஷம் சந்தோஷமாக வாழ்ந்தார். ராத்திரி டம்ளர் தண்ணீரில் அது கிடக்கும், நாங்கள் பயந்து ஓடுவோம் :-) அம்மாவுக்கு அது உட்காரவில்லை. பேசும்போது மேலண்ணத்தில் இடறியது. சாப்பிடும்போது ஆடியது. 2024 மாசியில் பண்ருட்டியில் சித்தி மகள் கல்யாணம். பந்திக்குக் கூப்பிடக் கூப்பிட "அப்புறம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசிப் பந்தியில், ஓர இலையில், சுவரைப் பார்த்து உட்கார்ந்து ரசம் சாதம் மட்டும் சாப்பிட்டார். போட்டோவுக்கு நிற்கும்போது முந்தானை வாய்க்குப் போய்விட்டது. பல் பிரச்சினை என்றால் வலி என்றுதான் நாம் நினைக்கிறோம். அம்மாவுக்கு அப்போது வலியே கிடையாது. மனிதர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதும் பேசுவதும் சிரிப்பதும்தான் போயிருந்தன.

இம்பிளாண்ட் பற்றி அந்தச் சமயத்தில்தான் படிக்க ஆரம்பித்தேன். கதை சுவாரஸ்யமானது. ஸ்வீடனில் பெர் இங்வார் பிரோனமார்க் என்று ஒரு மருத்துவ ஆராய்ச்சியாளர். 1952-ல் முயலின் கால் எலும்புக்குள் டைட்டானியத்தால் செய்த ஒரு சின்னக் கருவியைப் பொருத்தி, எலும்பில் ரத்த ஓட்டம் எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஆராய்ச்சி முடிந்ததும் கருவியைக் கழற்றப் போனால் வரவில்லை. எலும்பு அதோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டிருந்தது. வேறு ஆளாக இருந்தால் கருவி வீணாகிவிட்டதே என்று தலையில் கை வைத்திருப்பார். அவர் ஏன் ஒட்டியது என்று யோசித்தார். 1965-ல் யோஸ்தா லார்சன் என்பவரின் கீழ்த்தாடையில் நான்கு டைட்டானியத் திருகுகளைப் பொருத்தினார். பிறவியிலேயே அண்ணமும் தாடையும் சரியாக அமையாமல், சாப்பிடவும் பேசவும் கஷ்டப்பட்டவர் அவர். லார்சன் 2006-ல் இறக்கும் வரை, நாற்பது வருஷத்துக்கும் மேல், அந்தத் திருகுகள் வேலை செய்தன. பிரோனமார்க் 2014-ல் காலமானார்.

டைட்டானியம் என்றதும் ஏதோ ராக்கெட் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். அதன் மூலப்பொருளான இல்மனைட் நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி கடற்கரை மணலிலேயே இருக்கிறது. இந்த உலோகத்தின் மேல் தானாகவே ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் உண்டாகும். அதனால் உடம்புக்குள் அரிக்காது. எலும்பும் அதை அந்நியமாக நினைத்துத் தள்ளுவதில்லை.

சரி, பாலம் கட்டுவது மாதிரி பக்கத்துப் பற்களில் தாங்கி நிற்கும் பிரிட்ஜ் இருக்கிறதே, இம்பிளாண்ட் எதற்கு? இதே கேள்வியை டாக்டரிடம் கேட்டோம். பிரிட்ஜுக்கு இரண்டு பக்கமும் இருக்கும் நல்ல பற்களைச் சீவ வேண்டும். அம்மாவுக்கு ஏற்கெனவே ஈறு நோய் வந்த வாய். பக்கத்துப் பற்களின் தலையில் பாரம் ஏற்ற டாக்டருக்கு மனமில்லை. இன்னொரு விஷயமும் சொன்னார். பல் போன இடத்தில் தாடை எலும்புக்கு வேலை இல்லாமல் போகிறது. வேலை இல்லாத எலும்பு மெல்ல மெல்லக் கரையும். முதல் வருஷத்தில்தான் அதிகம் கரையும். கூட வந்திருந்த மாமா உடனே தலையாட்டினார். அவர் சுரங்கத்தில் வேலை பார்ப்பவர். "நிலக்கரி எடுத்த குழியை மேல்மண்ணைப் போட்டு நிரப்பிக்கிட்டே வரணும். சும்மா விட்டா கரை சரியும். அதே கதைதானே டாக்டர்?" டாக்டர் சிரித்துவிட்டு, "கிட்டத்தட்ட" என்றார்.

செலவுதான் தடை. தனியாரில் ஒரு பல்லுக்கு 35,000 என்றார்கள். இரண்டுக்கு 70,000. அம்மா கணக்கை அங்கேயே மூடிவிட்டார். "எனக்கு நாப்பத்தாறு வயசு. இனிமே எனக்கு எதுக்குடா பல்லு? உன் படிப்பைப் பாரு." அப்பா ஒன்றும் பேசாமல் வெளியே போய் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். காசில்லாத நேரத்தில் அப்பா வண்டி துடைப்பார்.

என்னிடம் கொஞ்சம் பணம் இருந்தது. பண்ருட்டியில் ஒரு முந்திரி மண்டியில் வார இறுதியில் டேலி என்ட்ரி போட்டுச் சேர்த்தது. லேப்டாப்புக்காக வைத்திருந்தேன். 31,000. அப்பாவின் சீட்டுப் பணம் கொஞ்சம். சிதம்பரம் அண்ணாமலைநகரில் 1980-ல் தொடங்கிய பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறதே, அங்கே போய்க் காட்டினோம். கல்லூரி மருத்துவமனை என்பதால் வெளியே சொன்னதைவிடக் குறைவாகவே வந்தது. ஆனால் நாள் அதிகம் பிடிக்கும், பலமுறை போய்வர வேண்டும். அது தெரிந்துதான் போனோம்.

பணத்தைவிடப் பெரிய நிபந்தனை ஒன்று இருந்தது. சர்க்கரை கட்டுக்குள் வராமல் கைவைக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். கட்டுப்படாத சர்க்கரை இருந்தால் புண் ஆறாது, எலும்பும் திருகைச் சரியாகப் பிடிக்காது. புகை பிடிப்பவர்களுக்கும் தோல்வி அதிகம். எத்தனையோ முறை நான் சொல்லியும் நடக்காத அம்மா, பல்லுக்காக விடியற்காலையில் நடக்க ஆரம்பித்தார். நம் ஊர் ரோடுகளில் மரம் இருக்கிறது, நிழல் இருக்கிறது, ரவுண்டானாவுக்கு ரவுண்டானா கணக்கு வைத்துக்கொள்ளலாம். டீயில் சர்க்கரை போனது. நான்கு மாதத்தில் 9.4 என்பது 7.1 ஆனது. இம்பிளாண்ட் தந்த முதல் லாபம், அது வாய்க்குள் போவதற்கு முன்பே வந்துவிட்டது.

2024 ஜூலையில் திருகுகளை வைத்தார்கள். மரத்துப்போக ஊசி போட்டுத்தான் செய்தார்கள். "பல் புடுங்கினதைவிட வலி கம்மிதான்" என்றார் அம்மா. ஆனால் அன்றே பல் வந்துவிடாது. எலும்பு திருகைப் பிடிக்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எங்களுக்கு ஐந்து மாதம். அதுவரை தற்காலிகப் பல். ஆர்ச் கேட்டில் பஸ் ஏறி வடலூர், சேத்தியாத்தோப்பு, புவனகிரி என்று எத்தனை தடவை போய்வந்தோம் என்று எனக்கே ஞாபகமில்லை.

அப்படி ஒரு நாள் திரும்பி வரும்போது வடலூரில் இறங்கி தருமச்சாலையில் சாப்பிட்டோம். வள்ளலார் 1867-ல் ஏற்றிய அடுப்பு இன்றைக்கும் அணையாமல் எரிகிற இடம். அம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு பாட்டி. வாயில் ஒரு பல்கூட இல்லை. குழைந்த சோற்றைப் பிசைந்து ஜோராகச் சாப்பிட்டுக்கொண்டே அம்மாவிடம் ஊர்க்கதை பேசினார், பொக்கைவாய் சிரிப்போடு. வெளியே வந்து, "பார்த்தியாம்மா, பாட்டி எவ்வளவு ஜாலியா இருக்காங்க" என்றேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். "அவங்க சொல்லி முடிச்சிட்டாங்கடா. எனக்கு இன்னும் பசங்களுக்குச் சொல்லிக்குடுக்கணும்."

அம்மாவுக்கு அது வெறும் பல் இல்லை என்று எனக்கு உறைத்தது அந்த பஸ் ஸ்டாண்டில்தான்.

2024 டிசம்பரில் மேல் பல்லைப் பொருத்தினார்கள். பக்கத்துப் பல்லின் நிறத்துக்குத் தகுந்த மாதிரி, லேசான மஞ்சளோடு. அம்மா கண்ணாடியைப் பார்க்கவில்லை. முதலில் நாக்கை அங்கே வைத்துப் பார்த்தார். பிறகு மெதுவாக, "த... ந... தந்தம்... நாதம்..." பக்கத்து நாற்காலியில் இருந்தவர்கள் மந்திரம் சொல்கிறார் என்று நினைத்திருக்கக்கூடும்.

இம்பிளாண்ட் அற்புதம் என்று விளம்பரம் மாதிரி எழுதிவிட்டுப் போக எனக்கு இஷ்டமில்லை. சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவில் நார் மாதிரி ஒரு மெத்தை உண்டு. அதுதான் கல் கடிபட்டால் உடனே சொல்லும். இம்பிளாண்டுக்கு அது கிடையாது. எவ்வளவு அழுத்திக் கடிக்கிறோம் என்பது சரியாகத் தெரியாது. அதனால் 2025 பொங்கலுக்குக் கரும்பு கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அம்மா கரும்பைத் துண்டு துண்டாக நறுக்கித் தரச் சொல்லி வாயில் அடக்கிக்கொண்டார். இம்பிளாண்டில் சொத்தை விழாது. ஆனால் சுத்தம் செய்யாவிட்டால் சுற்றியுள்ள ஈறும் எலும்பும் கெடும், திருகும் ஆடிவிடும். தினமும் சின்ன பிரஷ் போட்டு இடுக்கைத் தேய்க்க வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும். பத்து வருஷம் கழித்தும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் நிலைத்து நிற்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. அந்தத் தொண்ணூறில் இருப்பது பாதி நம் கையில்.

இப்போது கணக்குக்கு வருவோம். ஸ்கேன், மாத்திரை, பஸ் டிக்கெட் எல்லாம் சேர்த்து மொத்தம் 48,600 ரூபாய். ஆயுள் 15 வருஷம் என்று வைத்து ஸ்ட்ரெயிட் லைன் முறையில் தேய்மானம் போட்டால் வருஷத்துக்கு 3,240. நாளைக்கு ஒன்பது ரூபாய்கூட இல்லை. அப்பா கடைக்குப் பக்கத்தில் ஒரு டீ இதைவிட அதிகம். எதிர்ப்பக்கம் என்ன வரவு வைப்பது? 2025 ஜூனில் அம்மா திரும்ப வகுப்புக்குப் போனார். எல்.கே.ஜி.யேதான். ஆடியில் பலாப்பழத்தைச் சுளை சுளையாகக் கடித்துத் தின்றார். ஆவணியில் ஒரு கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்து பக்கத்து இலைக்காரரோடு சண்டை போடும் அளவுக்குப் பேசினார். இதற்கெல்லாம் ரூபாய் மதிப்பு போட எனக்குத் தெரியவில்லை. பேலன்ஸ் ஷீட்டில் குட்வில் என்று ஒன்று உண்டு. கண்ணுக்குத் தெரியாது, தொட முடியாது, ஆனால் சொத்து. அந்தத் தலைப்பில் எழுதிக்கொள்ளலாம்.

லேப்டாப் இன்னும் வாங்கவில்லை. இதைக்கூட நண்பனிடம் கடன் வாங்கிய லேப்டாப்பில்தான் தட்டுகிறேன். கீழ்க் கடைவாய்ப் பல் இன்னும் பாக்கி. அவுட்ஸ்டாண்டிங் என்று அடியில் குறித்திருக்கிறேன். வேலை கிடைத்ததும் முதல் செலவு அதுதான்.

வகுப்பில் நடந்ததை அன்று ராத்திரி அம்மாவிடம் சொன்னேன். "சார் கேட்டதுக்கு உன் முன்பல்லைத்தாம்மா உதாரணம் சொன்னேன்." அம்மா தோசைக் கரண்டியோடு அப்படியே நின்று சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார். முந்தானை தோளில்தான் இருந்தது. சிரித்து முடித்துவிட்டு, "தம்பி, நீ எப்போதான்டா திருந்துவே" என்றார்.

ஒரு எழுத்துகூடக் காற்றில் போகவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு நான் இன்னும் மன்னிப்பு கேட்கவில்லை. இதைப் படித்துக் காட்டலாம் என்றிருக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் சிரிக்கும்போது வாயைப் பொத்துகிறவர் யாராவது இருக்கலாம், கடைசிப் பந்திக்குக் காத்திருப்பவர் இருக்கலாம். ஒருமுறை கேட்டுப் பாருங்கள். இம்பிளாண்ட்தான் வேண்டும் என்றில்லை, பிரிட்ஜோ செட்டோ எது சரிப்படுமோ அது. அவர்கள் "எனக்கு எதுக்கு" என்பார்கள். அந்த வார்த்தையை மட்டும் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அடுத்த தேர்வு முடிந்து சந்திப்போம். அரியர் வராமல் இருந்தால் :-)